இரண்டு லாரி தண்ணீர்

அன்புள்ள ஐயா,

வேளச்சேரியில் தண்ணீர் லாரி முன்பதிவு செய்யும் வலைப்பக்கம் ஒன்றைப் பராமரிக்கிறேன். பொத்தானை அழுத்தியதும் அந்தப் பின்கோடுக்கு லாரி உண்டா என்று சர்வரிடம் கேட்டுவிட்டு, ஃபெட்ச் (பக்கத்தை மாற்றாமலே சர்வருடன் பேசும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை) மூலம் பதிவை அனுப்புகிறோம். ஒருமுறை கிடைத்த விடையை அந்தக் கணினியின் பிரவுசரிலேயே, லோக்கல் ஸ்டோரேஜ் என்ற சேமிப்பில், வைத்துக்கொள்கிறோம். அலுவலகத்தில் 600042 என்று போட்டுப் பார்த்தால் எல்லாம் சரியாக நடக்கிறது. வாடிக்கையாளர்களுக்கோ படிவம் மறுபடி வெறுமையாகத் திறக்கிறது. சிலருடைய பதிவு வரவே இல்லை; ஒருவர் வீட்டுக்கு இரண்டு லாரி போய் நின்றது. படிவத்தைப் பிரவுசர் தானாக அனுப்பாமல் தடுக்கும் பிரிவென்ட் டீஃபால்ட் வரியை எழுதித்தான் இருக்கிறேன். இரண்டு விநாடி தாமதம் சேர்க்கச் சொல்கிறார் நண்பர். சேர்க்கலாமா?

வேளச்சேரி வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சேர்க்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய நிரலில் பிரிவென்ட் டீஃபால்ட் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது, சர்வரின் விடைக்காகக் காத்திருக்கும் அவெய்ட் வரிக்குக் கீழே இருக்கிறது. படிவம் அனுப்பப்படும்போது ஓடும் நிரல்பகுதியான சப்மிட் லிசனர் முதல் அவெய்ட்டைத் தொட்டதும் கட்டுப்பாடு பிரவுசரிடம் திரும்பிவிடுகிறது. தன்னை யாரும் தடுக்கவில்லை என்று கண்ட பிரவுசர் படிவத்தைத் தன் வழக்கப்படி அனுப்பி, பக்கத்தையும் மறுபடி ஏற்றத் தொடங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த வரி ஓடினாலும் பயனில்லை. பிழைச் செய்தியும் வராது என்பதுதான் இதில் மிகவும் எரிச்சலூட்டுவது.

600042 உங்கள் கணினியில் ஏற்கெனவே சேமிக்கப்பட்டிருப்பதால் அங்கே அவெய்ட் தாண்டப்பட்டு, தடுப்பு உரிய நேரத்தில் விழுகிறது. புதிய வாடிக்கையாளரிடம் அந்தச் சேமிப்பு இல்லை. பின்கோடு விடை தாமதமானால், பதிவு புறப்படும் முன்பே பக்கம் கலைந்துவிடுகிறது. விடை சற்று முந்தினால் பதிவு சர்வரைச் சேர்ந்துவிடும், 'பதிவானது' என்ற செய்தி மட்டும் வராது. அவர் மறுபடி அழுத்துவார், இரண்டாவது லாரி கிளம்பும்.

இதை நேரில் காண, மறைநிலைச் சாளரத்தில் பக்கத்தைத் திறந்து, பிரவுசரின் டெவலப்பர் கருவிகளில் உள்ள நெட்வொர்க் பகுதியில் பிரிசர்வ் லாக் என்பதைத் தேர்ந்து, வேகத்தை 3ஜி அளவுக்குக் குறையுங்கள். பிரிசர்வ் லாக் இல்லாவிட்டால் பக்கம் மறுபடி ஏறும்போது தடயமும் அழிந்துவிடும். குரோமில் கேன்சல்ட் (ரத்தானது) என்று ஒரு வரி நிற்கலாம். அப்படி நின்றாலும், சர்வருக்கு அது போய்ச் சேரவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. முகவரிப் பட்டையையும் பாருங்கள்: கேள்விக்குறிக்குப் பின்னால் வாடிக்கையாளரின் பெயரும் கைபேசி எண்ணும் வரிசையாக நிற்கும்.

தடுப்பை லிசனரின் முதல் வரியாக்குங்கள். பிறகு பொத்தானை முடக்கலாம்; ஆனால் ஃபார்ம் டேட்டாவை (படிவத்தில் நிரப்பியவற்றின் தொகுப்பை) எடுக்கும் முன் உள்ளீட்டுப் பெட்டிகளை முடக்கினால், முடக்கிய பெட்டிகளின் மதிப்புகள் அதில் சேராது. சர்வர் 500 (சர்வரில் பிழை) என்று பதில் சொன்னாலும் ஃபெட்ச் அதைத் தோல்வியாகக் கருதாது என்பதால், ரெஸ்பான்ஸின் (சர்வர் தந்த பதிலின்) ஓகே மதிப்பைப் பார்த்த பிறகே 'பதிவானது' என்று காட்டுங்கள். ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புதிய பதிவு போடாதபடி செய்யுங்கள். சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் பொத்தானை முடக்குவது மட்டும் போதாது.

படிவத்தின் மெத்தடையும் (அனுப்பும் முறையையும்) போஸ்ட் என்று மாற்றிவிடுங்கள்; ஸ்கிரிப்ட் ஓடாத நாளிலும் எண்கள் முகவரியில் வெளிப்படாது. இதுவரை வந்த கைபேசி எண்கள் சர்வரின் அணுகல் பதிவேட்டில் கிடக்கக்கூடும். அவற்றை இந்த வாரமே அழித்துவிடுங்கள்.