கிரெஷ்ஷா, நூனூவா? லாஸ்பேட்டைத் தங்கச்சிக்கு

புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து எழுதியிருக்கும் தங்கச்சிக்கு,

மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியைச் சுருக்கிவிடுகிறேன். வீட்டுக்காரர் பாரிசுக்கு வடக்கே சார்செல்லில் இருக்கிறார். நீங்களும் இப்போது 9 மாதம் ஆகியிருக்கும் பிள்ளையும் வருகிற மே மாதம் அங்கே போய்ச் சேர்கிறீர்கள். செப்டம்பரிலிருந்து வேலைக்குப் போக எண்ணம். பிள்ளையைக் கிரெஷ் என்கிற குழந்தைகள் காப்பகத்தில் விடுவதா, தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் நூனூவிடம் விடுவதா? நடுவில், பக்கத்துக் கட்டடத்து நம்மூர் அக்கா ஒருவர் "மாசம் 400 யூரோ கையில குடு, நான் பாத்துக்கறேன்" என்கிறாராம்.

அந்த அக்கா விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அவரிடம் அக்ரெமான் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். தெப்பார்த்தமான் (நம்மூர் மாவட்டம் மாதிரி) நிர்வாகம், பே.எம்.ஈ. என்கிற தாய்சேய் நல அலுவலகம் வழியாக வீட்டைப் பார்த்துவிட்டுக் கொடுக்கும் அனுமதி அது. 5 வருஷம் செல்லும். அது இல்லாமல் கூலிக்குப் பிறத்தியார் பிள்ளையைத் தன் வீட்டில் வைத்துப் பார்ப்பது அங்கே சட்டப்படி குற்றம். காஃப் என்கிற குடும்ப உதவித்தொகை அலுவலகம் ஒரு காசு தராது, வரிச் சலுகையும் கிடையாது. பிள்ளை விழுந்து கையை முறித்துக்கொண்டால் அவர் பக்கம் எந்தத் தொழில் இன்சூரன்சும் இருக்காது. "நம்மவங்கதானே" என்று ஆரம்பித்து, அப்படி ஒரு நாளில் இரண்டு குடும்பமும் முகம் பார்க்க முடியாமல் போகும். அக்காவுக்குப் பிள்ளைகள் மேல் பிரியம் என்றால் முறைப்படி அக்ரெமான் கேட்டு விண்ணப்பிக்கட்டும். மொத்தம் 120 மணி நேரப் பயிற்சி. 80 மணி முதல் பிள்ளையை ஏற்குமுன், மீதி 40 அடுத்த 3 வருஷத்துக்குள். நம் பெண்கள் பலருக்கு இது நல்ல தொழில். கையில் வாங்கும் காசாக அதை வைத்திருப்பதுதான் தப்பு.

இனி உண்மையான இரண்டு வழிகள். "எங்கே பிள்ளை நன்றாக வளரும்" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு இடத்திலும் வளரும். வித்தியாசம் உங்கள் பக்கம் இருக்கிறது: கிரெஷ்ஷில் நீங்கள் கட்டணம் கட்டுகிற பெற்றோர், நூனூவிடம் நீங்கள் முதலாளி. ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, லீவு, நோட்டீஸ், வேலையை விட்டு நிறுத்தும்போது இழப்பீடு எல்லாம் உங்கள் தலையில். இங்கே வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் பேசுவதுபோல "நாளைக்கு வர வேணாம்" என்று சொல்ல முடியாது. ஊரிலிருந்து போகிறவர்கள் வழுக்குவது இங்கேதான்.

கிரெஷ்: 10 வார வயதிலிருந்து பள்ளியில் சேரும்வரை எடுத்துக்கொள்வார்கள். நடக்காத பிள்ளைகள் 5 பேருக்கு ஒருவர், நடக்கிற பிள்ளைகள் 8 பேருக்கு ஒருவர் என்று ஆள் இருக்கவேண்டும். இல்லையென்றால் எல்லா வயதுக்கும் 6 பேருக்கு ஒருவர். நகராட்சி கிரெஷ்களில் நாடு முழுக்க ஒரே கட்டணக் கணக்கு. ஒரு பிள்ளை உள்ள குடும்பம் மாத வருமானத்தில் 0.0619 விழுக்காட்டை ஒரு மணி நேரத்துக்குக் கட்டவேண்டும், இரண்டு பிள்ளை என்றால் 0.0516. வருமானம் 3,000 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள்: மணிக்கு 1.86 யூரோ. வாரம் 36 மணி நேரம் விட்டால் மாதம் 290 யூரோ சொச்சம். சாப்பாடும் டயப்பரும் அதிலேயே அடங்கிவிடும். வருமான ஆதாரம் கொடுக்காவிட்டால் உச்சவரம்பு வருமானத்தை வைத்துக் கணக்குப் போட்டுவிடுவார்கள். ஆகவே உங்கள் வீட்டுக்காரரின் வரி அறிக்கையையும் காஃப் எண்ணையும் மனுவோடு சேர்த்துக் கொடுக்கவேண்டும்.

கஷ்டம் இடம் கிடைப்பதில். மனுவை மேரியில் கொடுக்கவேண்டும் (கடற்கரையில் நிற்கிற நம் மேரி கட்டடத்தின் பெயரேதான், நகராட்சி அலுவலகம்). பெரும்பாலான ஊர்களில் வசந்த காலத்தில் குழு கூடிச் செப்டம்பர் இடங்களைப் பிரிக்கும். மே மாதம் போய் இறங்கியபின் மனுப் போட்டால் பந்தி முடிந்து இலை எடுக்கும் நேரத்தில் போனதுபோல. வீட்டுக்காரரை இந்த வாரமே போகச் சொல்லுங்கள். இன்னொரு முடிச்சும் உண்டு. இருவரும் வேலையில் இருக்கும் குடும்பத்துக்குப் பல ஊர்களில் முன்னுரிமை. இடம் இல்லாமல் வேலை தேட முடியாது, வேலை இல்லாமல் இடம் கிடைக்காது. அதனால் மனுவில் வேலை தேடுவதைத் தெளிவாக எழுதுங்கள். வேலை தேடுவோருக்கென இடம் ஒதுக்கும் 'அவிப்' கிரெஷ் பக்கத்தில் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று அரைநாள் மட்டும் எடுத்துக்கொள்ளும் ஆல்த் கார்தெரி சீக்கிரம் கிடைக்கலாம். பிரெஞ்சு வகுப்புக்கும் நேர்காணலுக்கும் அது போதும். பிள்ளைக்கும் பழக்கம் வரும்.

கிரெஷ் நேரம் பெரும்பாலும் காலை 7.30 முதல் மாலை 6.30 வரை. ஓட்டலிலோ அலுவலகத் துப்புரவிலோ காலை 6 மணி வேலை கிடைத்தால் கிரெஷ் உதவாது. பேச்சுக்கே இடமில்லை, நூனூதான். ஆகஸ்டில் சில வாரம், கிறிஸ்துமசுக்கு ஒரு வாரம் மூடுவார்கள். வேலைநிறுத்த நாளில் கதவு திறக்காமல் போகலாம். ஒப்புக்கொண்ட மணி நேரத்துக்குப் பிள்ளை போகாவிட்டாலும் கட்டணம் உண்டு. காய்ச்சல் என்று மருத்துவச் சான்று கொடுத்தாலும் முதல் 3 நாளுக்குக் கழிவு கிடைக்காது. முதல் குளிர்காலம் முழுக்க மூக்கு ஒழுகும், வயிறு போகும், காது வலிக்கும். கூட்டத்தில் முதல்முறை விடுகிற எந்தப் பிள்ளைக்கும் இது வருவதுதான். சட்டப்படி வேலை பார்ப்பவருக்கு நோயுற்ற பிள்ளைக்காக வருஷத்துக்கு 3 நாள் லீவு, பிள்ளை ஒரு வயதுக்குள் என்றால் 5 நாள். சம்பளத்தோடு தரவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இதை மனசில் வைத்து, கூப்பிட்டால் ஓடி வர ஒருவரை இப்போதே பார்த்து வையுங்கள்.

நூனூ: முறையான பெயர் அசிஸ்தான்த் மத்தெர்னெல். ஒரே நேரத்தில் அதிகபட்சம் 4 பிள்ளைகள். சம்பளத்தை நீங்கள் பேசுகிறீர்கள், பஜாம்ப்ளுவா என்கிற அரசு இணையத்தளத்தில் மாதாமாதம் 25ஆம் தேதிக்கும் அடுத்த மாதம் 5ஆம் தேதிக்கும் நடுவில் பதிகிறீர்கள். சம்பளச் சீட்டை அந்தத் தளமே போட்டுவிடும். சமூகப் பாதுகாப்புப் பிடித்தங்களைக் காஃப் ஏற்கும், சம்பளத்திலும் ஒரு பங்கு தரும். 2025 செப்டம்பரிலிருந்து அந்தப் பங்கு வருமானம், பிள்ளைகள் எண்ணிக்கை, உண்மையில் விட்ட மணி நேரம் மூன்றையும் வைத்துக் கணக்காகிறது. சராசரி விலை கேட்கும் நூனூ என்றால் கடைசியில் உங்கள் கையிலிருந்து போவது கிரெஷ் கட்டணத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதிகம் கேட்பவரிடம் அது விலகிப்போகும். கையெழுத்துக்கு முன் தளத்திலுள்ள கணிப்பானில் போட்டுப் பாருங்கள்.

சம்பளக் கணக்குதான் சண்டை வரும் இடம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வாரம் 4 நாள், நாளைக்கு 9 மணி, ஆக 36 மணி. மணிக்குக் கையில் 4.50 யூரோ என்று பேசினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முழு வருஷ ஒப்பந்தம் என்றால் 36ஐ 52ஆல் பெருக்கி 12ஆல் வகுக்கவேண்டும்: மாதம் 156 மணி, 702 யூரோ. அவருடைய 5 வார லீவுச் சம்பளம் இதற்குள் அடக்கம். பிப்ரவரி என்றாலும் சரி, மே மாதத்து விடுமுறைகள் என்றாலும் சரி, இதே தொகைதான். இதுபோக அன்றாடப் பராமரிப்புத் தொகை (தண்ணீர், மின்சாரம், விளையாட்டுச் சாமான்), சாப்பாட்டுத் தொகை. இவை மட்டும் பிள்ளை வந்த நாளுக்கு.

நம் குடும்பங்கள் ஜூலை, ஆகஸ்டில் 6 வாரம் புதுச்சேரி வந்துவிடுவது வழக்கம். "வராத மாசத்துக்கு எதுக்குச் சம்பளம்?" என்ற கேள்வி அப்போது கிளம்பும். முழு வருஷ ஒப்பந்தத்தில் அவருடைய 5 வாரத்துக்கு மேல் நீங்கள் எடுக்கிற லீவுக்கும் சம்பளம் கொடுத்தே ஆகவேண்டும். ஆகவே ஊர்ப் பயணம் நிச்சயம் என்றால் முதல் நாளே குறை வருஷ ஒப்பந்தம் போடுங்கள். 46 வாரம் என்று எழுதினால் மாதம் 138 மணி, 621 யூரோ. மாதம் 81 யூரோ மிச்சம் என்று குதிக்காதீர்கள். இதில் லீவுச் சம்பளம் அடங்காது, தனியாக ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, வருஷத்துக்கு 745 யூரோ அளவில் வரும். ஜூனில் ஒரே தொகை என்று எழுதியிருந்தால் விமான டிக்கெட் எடுக்கிற அதே மாதத்தில் வந்து நிற்கும். கூட்டிக் கழித்தால் வருஷத்துக்கு 200 யூரோ சொச்சம்தான் மிச்சம். உண்மையான மிச்சம் வேண்டுமென்றால் அவருடைய லீவும் உங்கள் பயணமும் ஒரே வாரங்களில் விழும்படி பேசிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அவர் லீவில் இருக்கும் 5 வாரமும் பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்வி தனியாக நிற்கும். அவருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் இதே கதிதான், மாற்றாள் வரமாட்டார். நூனூ வழியின் பெரிய ஓட்டை இதுதான்.

வாரம் 4 நாளோ அதற்கு மேலோ விட்டால் சோதனைக் காலம் அதிகபட்சம் 2 மாதம், 3 நாள் வரை என்றால் 3 மாதம். ஒத்துவரவில்லை என்றால் அதற்குள் சொல்லிவிடுங்கள். பிறகு நிறுத்தினால் 3 மாதம் முதல் ஒரு வருஷம் வரை ஆனவருக்கு 15 நாள் நோட்டீஸ், அதற்கு மேல் ஒரு மாதம். 9 மாதம் தாண்டியவருக்கு மொத்தச் சம்பளத்தில் 80இல் ஒரு பங்கு இழப்பீடு. உங்கள் பிள்ளை பள்ளிக்குப் போகிறான் என்பதற்காக நிறுத்தினாலும் இது உண்டு.

பெயர்ப் பட்டியலை ரிலே பெத்தித் ஆன்ஃபான்ஸ் என்கிற அலுவலகத்தில் இலவசமாகக் கொடுப்பார்கள். ஒப்பந்தத்தைச் சரிபார்த்தும் தருவார்கள். வீட்டைப் பார்க்கப் போகும்போது அக்ரெமான் தாளை வாங்கிப் படியுங்கள், எத்தனை பிள்ளை, எந்த வயது என்று அதில் இருக்கும். தொழில் பொறுப்பு இன்சூரன்ஸ் தாளையும் கேளுங்கள். பிள்ளை எங்கே தூங்கும், வீட்டில் யார் யார், நாய் உண்டா, யாராவது புகைப்பார்களா, லிப்ட் வேலை செய்கிறதா, டிவி ஓடுகிறதா. பலர் கேட்க மறக்கிற ஒன்று: பெரிய பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுக் கூட்டி வருகிறாரா? அப்படியென்றால் மழையோ குளிரோ, உங்கள் பிள்ளையின் பகல் தூக்கம் தினமும் தள்ளுவண்டியில் கலையும்.

இரண்டுக்கும் நடுவே கிரெஷ் ஃபமிலியால் என்று ஒன்று உண்டு. நூனூ வீட்டில்தான் பிள்ளை இருக்கும், ஆனால் அவருக்குச் சம்பளம் தரும் முதலாளி மேரி. கட்டணம் கிரெஷ் கணக்கு. உங்கள் ஊரில் இருந்தால் அதற்கும் சேர்த்து மனுப் போடுங்கள். 12 பிள்ளைகள் வரை வைக்கும் தனியார் மிக்ரோ கிரெஷ் இடம் சீக்கிரம் தரும், செலவு கையைக் கடிக்கும்.

எந்த வழியானாலும் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு, காஃப் தந்தது போக நீங்கள் கட்டியதில் 3,500 யூரோ வரை பாதி வரியில் திரும்பும், அதாவது உச்சம் 1,750. மறுவருஷம்தான் கைக்கு வரும்.

என் கருத்தைக் கேட்டால்: செப்டம்பரில் பிள்ளைக்கு 16 மாதம் ஆகியிருக்கும், நடந்துவிடுவான், மற்றப் பிள்ளைகளைத் தேடுவான். 3 வயது நிறைகிற வருஷத்தின் செப்டம்பரில் பள்ளி கட்டாயம், ஆகவே உங்களுக்குத் தேவை இரண்டே வருஷம். பகல் நேர வேலை என்றால் கிரெஷ். விடியற்காலை, இரவு, சனிக்கிழமை வேலை என்றால் நூனூ. தமிழ் பேசும் நூனூ கிடைத்தால் சந்தோஷம், ஆனால் அதற்காகவே தேடாதீர்கள். தமிழை வீட்டில் நீங்கள் கொடுத்துவிடலாம், பிரெஞ்சு அவனுக்கு வெளியில்தான் கிடைக்கவேண்டும்.

ஊரில் இருக்கும்போதே செய்யவேண்டியவை கொஞ்சம் உண்டு. தூளியில் மட்டும் தூங்குகிறவன் என்றால் இப்போதிருந்தே பகல் தூக்கத்தைத் தட்டையான பாயில் பழக்குங்கள். அங்கே தலையணை, போர்வை கூடக் கிடையாது, கையில்லாத சட்டைபோல ஒரு தூக்கப் பையில் மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். அரைஞாண், கொலுசு, கம்மல், வசம்பு வளையல் எல்லாவற்றையும் கிரெஷ் வாசலில் கழற்றச் சொல்வார்கள். பாட்டி மனசு நோகுமுன் சொல்லிவையுங்கள். மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி வேண்டாம் என்றால் சேர்க்கும் நாளிலேயே எழுதிக் கொடுங்கள். தாய்ப்பால் கொடுத்தனுப்பலாம்: எடுத்த தேதி, நேரம் எழுதி 4 டிகிரியில் வைத்தால் 48 மணி நேரம், குளிர்ப்பையில் கொண்டு போகவேண்டும்.

தடுப்பூசி அட்டையில் மருந்தின் பெயரும் தேதியும் தெளிவாக இருக்கவேண்டும். நம் அரசு அட்டவணையில் இல்லாத மெனிங்கோகாக்கஸ் பி, ஏசிடபிள்யூஒய் ஊசிகள் அங்கே 2025 ஜனவரியிலிருந்து கைக்குழந்தைகளுக்குக் கட்டாயம். இங்கே 9 மாதத்தில் போடும் ஊசியில் தட்டம்மையும் ரூபெல்லாவும் உண்டு, பொன்னுக்கு வீங்கிக்கு இல்லை. அங்கே மூன்றும் சேர்ந்தது வேண்டும். பே.எம்.ஈ.யில் இலவசமாகப் போடுவார்கள். குறை இருந்தாலும் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டு 3 மாத அவகாசம் தருவார்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அப்போஸ்தில் முத்திரை வாங்கிவிடுங்கள். மொழிபெயர்ப்பை அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடமே செய்யவேண்டும். வீட்டுக்காரர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர் என்றால் பிள்ளையின் பிறப்பைப் புதுச்சேரி பிரெஞ்சு கான்சலேட்டில் பதிந்த பிறகு கிளம்புவது உத்தமம்.

இடம் இல்லை என்று மேரியிலிருந்து கடிதம் வந்தால் மனுவைக் கைவிடாதீர்கள். பல ஊர்களில் குறித்த தேதிக்குள் "இன்னும் தேவை" என்று உறுதி செய்யாதவர் பெயரை எடுத்துவிடுவார்கள். அந்தத் தேதியைக் கேட்டு எழுதி வையுங்கள். வருஷ நடுவில் யாராவது வீடு மாறிப் போகும்போது இடம் காலியாகும், அதற்குள் நூனூவிடம் விட்டிருந்தால் நோட்டீஸ் நாளைக் கணக்குப் பார்த்துக் கிரெஷ்ஷுக்குத் தேதி சொல்லுங்கள். இல்லையென்றால் அந்த இரண்டு வாரத்துக்கு இரண்டு இடத்திலும் கட்டவேண்டியிருக்கும்.