தார்சாவை விடாத போன்

கேள்வி: எங்களுடையது நீளமான பழைய வீடு, சுவர் எல்லாம் ஒன்றரை அடி கனம். ஃபைபர் பெட்டி முன்பக்கத் தார்சாவில் இருக்கிறது. அடுக்களைப் பக்கம் ஒன்று, மச்சில் ஒன்று என்று இரண்டு ரவுட்டர் வாங்கி, வயர் இழுத்து, மூன்றுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு வைத்தோம். மகளோடு வீடியோ காலில் பேசிக்கொண்டே அடுக்களைக்குப் போனால் கால் அறுந்துவிடுகிறது. சில நேரம் ரவுட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்தாலும் ஒரே ஒரு கோடுதான். விலை கூடின ரவுட்டர் வாங்கணுமா?
— வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: வேண்டாம் அம்மா, இப்போது காசு செலவழிக்காதீர்கள். உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினை.

முதலில் அந்த ஒற்றைக் கோடு. செங்கோட்டை ரயிலில் போனில் பேசிக்கொண்டே போகிறீர்கள், சேரன்மகாதேவி டவரை விட்டு உங்கள் ஊர் டவருக்கு எப்போது மாறுவது என்று நெட்வொர்க்தான் முடிவு செய்யும். போன் அளந்து சொல்வதோடு சரி. வைஃபையில் அப்படி இல்லை, எந்த ரவுட்டரோடு இருப்பது என்று முடிவு எடுப்பது போன்தான். ஐபோனை எடுத்துக்கொண்டால், சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் (சிக்னல் பலத்தின் அளவு) கீழே போனால்தான் அது வேறு ரவுட்டரைத் தேடவே ஆரம்பிக்கும். தேடினாலும், வீடியோ கால் ஓடும்போது புதியது 8 டெசிபலாவது கூடுதலாக இருந்தால்தான் மாறும், சும்மா இருக்கும்போது 12. ஆண்ட்ராய்டில் கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு வேறு. அதனால் தார்சா ரவுட்டர் முழு வேகத்தில் கத்திக்கொண்டிருந்தால், அடுக்களை வரை கொஞ்சம் கேட்கிறதே என்று போன் அதையே பிடித்துக்கொண்டிருக்கும். அதன் செட்டிங்கில் டிரான்ஸ்மிட் பவர் என்று இருக்கும், தூரம் வரை எட்டுகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மட்டும் அதை நடுத்தரத்துக்குக் குறையுங்கள். சிக்னலைக் குறைக்கச் சொல்கிறாரே என்று தோன்றும், ஆனால் குறைத்தால்தான் போன் விட்டுக்கொடுக்கும். கூடவே மூன்றுக்கும் சேனல் 1, 6, 11 என்று பிரித்துப் போடுங்கள், ஒன்றின் மேல் ஒன்று விழாது.

அடுத்தது கால் அறுவது, எனக்குப் பெரிய சந்தேகம் இதில்தான். தார்சாவில் நின்று போனில் வைஃபை பெயரைத் தொட்டு ஐபி முகவரியை (ரவுட்டர் போனுக்குக் கொடுக்கும் எண்) பாருங்கள், அப்புறம் அடுக்களை ரவுட்டருக்கு மாறியபின் பாருங்கள். இங்கே 192.168.1 என்றும் அங்கே 192.168.0 என்றும் தொடங்கினால் காரணம் அதுதான்: பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இரண்டு தனி நெட்வொர்க் ஓடுகிறது, முகவரி மாறியதும் பழைய இணைப்பு செத்துப்போகிறது. வாங்கி வைத்த இரண்டையும் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றுங்கள், அப்போது அவை தனி நெட்வொர்க் நடத்தாமல் தார்சா பெட்டியின் நெட்வொர்க்கையே பரப்பும். அந்த மோடு இல்லாத மாடல் என்றால் முகவரி கொடுக்கிற டிஎச்சிபி வசதியை அணைத்துவிட்டு, ரவுட்டரின் சொந்த முகவரியை மற்றவற்றோடு மோதாதபடி மாற்றி, வயரை WAN என்று எழுதிய துளையில் இல்லாமல் LAN என்று எழுதிய துளையில் செருகுங்கள். முகவரி கொடுக்கும் வேலையைத் தார்சா பெட்டி ஒன்று மட்டும் பார்த்தால் போதும். மூன்றிலும் டபிள்யூபிஏ2 மாதிரி பாதுகாப்பு வகையும் ஒன்றாகவே இருக்கணும், அது மாறினாலும் போன் தயங்கும்.

கடைக்காரர் 802.11ஆர், அதாவது ரவுட்டர் விட்டு ரவுட்டர் வேகமாக மாறும் வசதி, இருக்கிற மாடல் வாங்குங்கள் என்பார். 2008-இல் வந்த நல்ல தரம்தான், ஆனால் ஆளுக்கு ஒரு லாகின் கொடுக்கிற காலேஜ், ஆஸ்பத்திரி போன்ற இடங்களில்தான் அதன் அருமை தெரியும். வீட்டுக்கு ஒரே பாஸ்வேர்டு என்றால் அது இல்லாமலே மாற்றம் சட்டென்று முடிந்துவிடும், அதோடு அதைப் போட்டால் சில பழைய பிரின்டர்கள் இணையவே மறுக்கும்.

கேள்வி: வயர் இழுக்க வழியில்லை. மெஷ் வாங்கினால் போதுமா?
— வாசகர், மேலப்பாளையம்

பதில்: போதும், மெஷ் என்பது வயர் இல்லாமல் ஒன்றோடொன்று பேசி ஒரே வைஃபையாக வேலை செய்யும் பெட்டிகள். சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் மலிவான எக்ஸ்டெண்டரைவிட நல்லது. ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புகிற எக்ஸ்டெண்டரில் வேகம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். மெஷ்ஷில் முடிந்தால் மூன்று ரேடியோ உள்ளதாகப் பாருங்கள், பெட்டிகள் தங்களுக்குள் பேச ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். பெட்டியைச் சிக்னலே இல்லாத அறையில் வைத்துவிடாதீர்கள், அதற்கும் வாங்கிக் கொடுக்க ஏதாவது வந்து சேரணும் இல்லையா. சிக்னல் இன்னும் நன்றாக இருக்கிற பாதி வழியில் வையுங்கள்.