அம்மாவுக்கு பிஆர்சிஏ1 மாற்றம்: மகள் என்ன பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்?

கேள்வி: அம்மாவுக்கு 44 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து குணமானது. சித்தி சினைப்பைப் புற்றுநோயில் இறந்துவிட்டார். அம்மாவைப் பரிசோதித்ததில் இந்தப் புற்றுநோய்களின் ஆபத்தைக் கூட்டும் பிஆர்சிஏ1 மரபணு மாற்றம் இருப்பது தெரிந்தது. எனக்கு 31 வயது, ஒரு குழந்தை. எந்தத் தொந்தரவும் இல்லை. வருடாவருடம் மாஸ்டர் ஹெல்த் செக்கப்பும் சினைப்பைப் புற்றுநோய்க்கான சிஏ-125 ரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டால் போதுமா?

பதில்: போதாது. அதற்கு முன்னால் ஒன்று: அந்த மாற்றம் உங்களிடம் இருக்கிறதா என்பதே இன்னும் தெரியாது. இருப்பதற்கும் இல்லாததற்கும் சரிபாதி வாய்ப்பு. அம்மாவின் அறிக்கையை எடுத்துக்கொண்டு மரபணு ஆலோசகரைப் பாருங்கள். அதில் குறித்திருக்கும் அதே மாற்றத்தை மட்டும் உங்கள் ரத்தத்தில் தேடினால் போதும். இல்லையென்றால், உங்கள் ஆபத்து ஏறத்தாழ மற்ற பெண்களுக்கு உள்ள அளவுதான்.

இருந்தால், மார்பகத்தையும் சினைப்பையையும் ஒரே மாதிரி கண்காணிக்க முடியாது என்பதைப் புரிந்துகொள்வது முக்கியம்.

மார்பகத்தைக் கண்காணிக்க நல்ல வழி இருக்கிறது. இந்த மாற்றம் உள்ளவர்களுக்கு 25 வயதிலிருந்தே ஆண்டுதோறும் மார்பக எம்ஆர்ஐ, 30 வயதிலிருந்து அதனுடன் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை மருத்துவரின் நேரடிப் பரிசோதனை என்பது நடைமுறை. இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருக்கும். மேமோகிராமில் அந்தத் திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. எம்ஆர்ஐயில் அந்தச் சிக்கல் மிகக் குறைவு, கதிர்வீச்சும் இல்லை. மாதவிடாய் தொடங்கிய 7ஆம் நாளுக்கும் 15ஆம் நாளுக்கும் இடையில் எடுத்தால் படம் தெளிவாக வரும். ஏதோ புள்ளி தெரிகிறது, பயாப்சி (சிறு திசுவை எடுத்துச் சோதிப்பது) எடுக்கலாம் என்று ஒருமுறை சொல்லக்கூடும். பதற வேண்டாம், அப்படி எடுப்பவற்றில் பெரும்பாலானவை புற்றுநோயாக இருப்பதில்லை.

சினைப்பைக்கு அப்படி நம்பத்தக்க பரிசோதனை இல்லை. மாதவிடாய், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்திசு வெளியே வளர்வது), நார்த்திசுக் கட்டி எது இருந்தாலும் சிஏ-125 கூடும். தொடக்க நிலைப் புற்றுநோயில் பல நேரம் கூடாமலும் இருக்கும். பிரிட்டனில் மாதவிடாய் நின்ற 2 லட்சம் பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வந்தது: இந்த ரத்தப் பரிசோதனையாலும் ஸ்கேனாலும் சினைப்பைப் புற்றுநோய் மரணங்கள் குறையவில்லை. 'ரிப்போர்ட் நார்மல்' என்ற நிம்மதியில் நீங்கள் வருடங்களைக் கடத்திவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

அதனால்தான் பிஆர்சிஏ1 உள்ளவர்களுக்கு, குழந்தைப்பேறு முடிந்த பிறகு 35 முதல் 40 வயதுக்குள் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றச் சொல்கிறோம். சினைப்பைப் புற்றுநோய் ஆபத்து சுமார் 80 சதவீதம் குறைகிறது. மாதவிடாய் முன்கூட்டியே நிற்கும், எலும்பு பலவீனமாகலாம். மார்பகப் புற்றுநோய் வராதவர்களுக்கு ஹார்மோன் சிகிச்சை தரலாம். இன்னொரு குழந்தை வேண்டுமா என்பதை இப்போதே கணவருடன் பேசுங்கள். அவசரமில்லை, ஆனால் காலவரம்பு இருக்கிறது.

சித்தியின் பிள்ளைகளுக்கும் உங்கள் சகோதரர்களுக்கும் அம்மாவின் அறிக்கை நகலைக் கொடுங்கள். கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று வீட்டில் மறைக்கச் சொல்லலாம், மறைக்காதீர்கள். ஆண்களும் இதை மகள்களுக்குக் கடத்துகிறார்கள். உங்கள் குழந்தைக்கு மட்டும் 18 வயதாகும்வரை இந்தப் பரிசோதனை வேண்டாம்.