எதிராளி எப்படிப்பட்டவர்?

கேள்வி: டேபிள் டென்னிஸில் முன்பின் தெரியாதவரோடு ஆடும்போது, அவர் தரத்தைச் சீக்கிரம் கணிக்க முடியுமா?
– வாசகர், வில்லிவாக்கம்

பதில்: ஓரளவு முடியும். முதலில் அவருடைய பேட்டைப் பாருங்கள்; ஆட்டத்துக்கு முன் அதைக் காட்ட வேண்டும் என்பது விதி. ஒரு பக்க ரப்பரில் நீண்ட மெல்லிய பிம்பிள்ஸ் (சிறு புடைப்புகள்) இருந்தால் உஷார். உங்கள் டாப்ஸ்பின் (முன்னோக்கிச் சுழலும் பந்து) அதில் பட்டுப் பேக்ஸ்பின்னாக (பின்னோக்கிச் சுழலும் பந்தாக) திரும்பும். மறுபடி தட்டையாக அடித்தால் பந்து நெட்டில்தான் விழும்.

2 நிமிட வார்ம்-அப்பில் ஃபோர்ஹேண்ட் அழகைப் பார்த்து மிரளாதீர்கள். காலைக் கவனியுங்கள்: நகர்ந்து அடிக்கிறாரா, நின்ற இடத்திலேயே கையை நீட்டுகிறாரா?

சரியான சோதனை, நெட்டை ஒட்டிக் குட்டையாகப் போடும் பேக்ஸ்பின் சர்வீஸ். புதியவர் நெட்டில் அடிப்பார், அல்லது பந்தை உயரத் தூக்கிக் கொடுப்பார். நடுத்தர ஆட்டக்காரர் நீளமாகத் தள்ளிவிடுவார். தேர்ந்தவரோ, உங்கள் பக்கம் இரண்டு முறை குதிக்கும்படி குட்டையாகவே வைப்பார். இல்லை, மணிக்கட்டைச் சுண்டி ஃபிளிக் செய்வார். அதே சர்வீஸை அடுத்த பாயின்ட்டிலும் போடுங்கள். முதலில் தவறவிட்டவர் இப்போது பேட்டின் கோணத்தை மாற்றித் திருப்பினால், ஸ்பின்னைப் படிக்கத் தெரிந்தவர்.

ஒன்று: நம் சென்னைப் புழுக்கத்தில் ரப்பர் ஈரமாகிப் பந்து வழுக்கும்; ஸ்பின் குறையும். அதை அவர் பலவீனமாக எண்ணிவிடாதீர்கள். 6 பாயின்ட்டுக்கு ஒருமுறை துண்டால் துடைக்க அனுமதி உண்டு; ரப்பரையும் துடைத்துக்கொள்ளுங்கள்.