கிற்றாருக்குக் குரவை போடலாமா?

வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் கல்லடியில் ஒரு மண்டபத்தில் வெளிநாட்டுக் கலைஞர் ஒருவர் கிற்றாரும் கையுமாக வந்து இரண்டு மணித்தியாலம் புளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த பாட்டு வகை) வாசித்துவிட்டுப் போனார். கூட ஒரு டிரம்ஸ்காரர், ஒரு பேஸ் கிற்றார்க்காரர், அவ்வளவுதான். நுழைவு இலவசம் என்பதால் கதிரையை விடச் சனம் கூட. சென்ற இதழில் அதைப் பற்றி நாலு வரிதான் எழுதினேன், அதற்கு வந்த கடிதங்கள் மேசையில் குவிந்து கிடக்கின்றன. வாசித்தவரைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. பக்கத்துக் கதிரைக்காரர் என்ன செய்தார் என்பதுதான் எல்லோருக்கும் பிரச்சினை. சரி, இந்த முறை முழுப் பக்கத்தையும் அதற்கே விட்டுவிடுகிறேன்.

கேள்வி: ஒரு கலைஞர் உருகி உருகி வாசிக்கிறார், பின்வரிசைப் பொடியன்கள் விசிலடிக்கிறார்கள், "ஆ… ஓ…" என்று கத்துகிறார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இதுதானா நாங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கிய சபை மரியாதை?
– ஓர் ஆசிரியை, களுவாஞ்சிகுடி

பதில்: ரீச்சர், அந்தப் பின்வரிசையில்தான் நானும் இருந்தேன். விசிலடிக்கத் தெரியாது, அதனால் அடிக்கவில்லை, வேறு காரணம் இல்லை.

புளூஸில் பி.பி. கிங் என்று ஒரு பெரிய ஆள் இருந்தார், 1925இல் மிசிசிப்பியில் பிறந்தவர். 1964 நவம்பரில் சிக்காகோவின் ரீகல் தியேட்டரில் அவர் வாசித்ததை அப்படியே பதிந்து அடுத்த வருடம் இசைத்தட்டாக விட்டார்கள். புளூஸ் நேரடி நிகழ்ச்சி எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். போட்டுக் கேட்டுப் பாருங்கள். அவர் ஒரு வரியைப் பாடி வாயை மூட முதல் பெண்கள் கூட்டமாகக் கூவுகிறார்கள், கிற்றார் ஒரு சின்ன இழுப்பு இழுத்தால் அதற்கும் கூவுகிறார்கள். அந்தக் கூச்சலைத் துடைத்துவிட்டால் இசைத்தட்டில் பாதி போய்விடும்.

காரணம் பாட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. வழக்கமான புளூஸ் பாட்டு நாலு தட்டுக் கொண்ட பன்னிரண்டு துண்டு, மொத்தம் 48 தட்டு. வரிகள் மூன்று, அதிலும் முதல் வரியைத்தான் இரண்டாவதாகவும் பாடுவார்கள், மூன்றாவதுதான் அதற்குப் பதில். ஒவ்வொரு வரிக்கும் நாலு துண்டு இடம் உண்டு, ஆனால் குரல் ஏறக்குறைய பாதியிலேயே முடிந்துவிடும். மிச்சம் வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் கிற்றார் பேசும், கிற்றார் பேசும்போது சனமும் பேசும். பி.பி. கிங் பாடும்போது வாசிக்கவே மாட்டார், வாசிக்கும்போது பாடமாட்டார், இரண்டையும் ஒன்றாகச் செய்ய எனக்கு வராது என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். தோட்ட வேலையில் ஒருவர் பாட மற்றவர்கள் எடுத்துக் கொடுத்த பழக்கமும், தேவாலயத்தில் போதகர் சொல்லச் சொல்லச் சபை பதில் கொடுக்கும் பழக்கமும் சேர்ந்து வந்த வழி அது.

இது நமக்குப் புதிதா என்ன? வட்டக்களரியில் கூத்துப் பார்த்தவர்கள்தானே நாங்கள். கூத்தர் ஒரு அடி பாடுவார், பிற்பாட்டுக்காரர் அதை எடுப்பார்கள், அண்ணாவியாரின் மத்தளம் இடையில் புகுந்து ஒன்று சொல்லும், சுற்றியிருக்கிற சனம் சும்மா இருக்குமா? என் சின்ன மாமா வடமோடிக் கூத்தில் அரசனாக வந்த இரவு, வரவுத் தாளம் தொடங்கியதும் மாமியின் அண்ணன்மார் வெடி கொளுத்திப் போட்டார்கள். மாமா பயந்து ஒரு அடி பிழைவிட்டார், அதற்கும் கைதட்டு விழுந்தது. பிறகு எங்கேயோ பள்ளிக்கூட மண்டபங்களில் கைகட்டி இருக்கப் பழகி, அதுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டோம்.

ஆனால் ஒன்று ரீச்சர், நீங்கள் கோபப்பட வேண்டிய ஆட்கள் வேறு. எனக்கு முன்வரிசையில் இரண்டு கனவான்கள், மெதுவான பாட்டு ஒன்று முழுக்க, ஒரு காணி உறுதியைப் பற்றிக் கதைத்துத் தீர்த்தார்கள். விசில் பாட்டுக்குச் சொன்ன பதில், உறுதிக் கதை யாருக்கு?

கேள்வி: மூன்றாம் வரிசையில் ஒரு அம்மம்மா திடீரென்று குரவை போட்டார். சிலர் சிரித்தார்கள். வாசித்தவர் ஒரு கணம் நிறுத்தியே விட்டார். அவர் கோபித்துக்கொண்டாரா?
– ஒரு வாசகர், ஆரையம்பதி

பதில்: கோபமா! அந்த இரவில் எனக்கு மிஞ்சியிருப்பதே அந்த அரை நிமிடம்தான். மெதுவான பாட்டு, டிரம்ஸ்காரர் தூரிகையால் தடவிக்கொண்டிருந்தார், மேலே மின்விசிறி 'கிறீச்' என்றது கூடக் கேட்டது. கலைஞர் மெல்லிய கம்பியைப் பிடித்து, விரலால் மேலே தள்ளி, அப்படியே வைத்திருந்தார். சுரம் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, நடுங்கிக்கொண்டு நின்றது. அப்போதுதான் அந்தக் குரவை, கோயில் வாசலில் கேட்கிற அதே நாக்குச் சுழற்றல். மண்டபம் முழுக்கத் திரும்பியது. அவர் கையை எடுத்தார், வாய் கொஞ்சம் திறந்திருந்தது, அம்மம்மா இருந்த பக்கம் பார்த்தார். பிறகு அதே கம்பியில் 'லுலுலு' என்று விரலை நடுக்கி அந்தக் குரவையைத் திருப்பிப் போட்டார். அம்மம்மா விடுவாரா, இன்னொன்று போட்டார். அவர் அதற்கும் ஒன்று. மூன்றாவது தடவை பக்கத்தில் இருந்த நாலைந்து பெண்களும் சேர்ந்துகொண்டார்கள், சிரித்தவர்களின் சத்தம் அதற்குப் பிறகு கேட்கவில்லை. அதுவரை பாட்டு முடிந்தால் மட்டும் அளந்து தட்டிக்கொண்டிருந்த சனம், அதற்குப் பிறகுதான் கதிரையை விட்டு எழும்பியது.

கேள்வி: நாங்கள் தாளத்துக்குத்தான் கைதட்டினோம். ஆனால் பக்கத்தில் இருந்த அண்ணன் ஒருவர் "பிழையான இடத்தில் தட்டாதே" என்று ஏசினார். கைதட்டுவதிலும் பிழையா?
– ஓர் இளைஞர், வாழைச்சேனை

பதில்: ஏசியிருக்கத் தேவையில்லை, ஆனால் அவர் சொன்னது சரி. நாலு தட்டில் நமக்கு முதலாவதும் மூன்றாவதும் கனமாக விழும். புளூஸில் அடி இரண்டிலும் நாலிலும், டிரம்ஸ்காரரின் சிறிய முரசு 'டக்' என்கிற இடத்தில். முந்நூறு பேர் ஒன்றில் தட்ட, டிரம்ஸ்காரர் இரண்டில் தட்ட, வாசிக்கிறவருக்கு ஓடுகிற பஸ்ஸில் தேத்தண்ணி குடிப்பது மாதிரி இருக்கும். வழி சுலபம் தம்பி: ஒன்றுக்குக் காலைத் தட்டு, இரண்டுக்குக் கையைத் தட்டு. வீட்டில் இரண்டு நாள் பழகினால் போதும், வீட்டுக்காரர் பொறுத்தால்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் வயல் காவலிலும் பரணிலும் இருந்து பாடிய கவி இருக்கிறதே, புளூஸும் அதுவும் ஒரே சாமான்தானா?
– ஒரு வாசகர், சம்மாந்துறை

பதில்: ஒரே சாமான் இல்லை காக்கா, ஆனால் ஒரே பசி. தனியாக இருக்கிற ஆள், நீண்ட இரவு, மனதில் கிடக்கிற ஒரு முறைப்பாடு, அதைக் குரலை இழுத்துத் தூரத்துக்கு அனுப்புகிற வேலை. பருத்தித் தோட்டங்களிலும் அப்படி ஒற்றை ஆளாகக் கூவிப் பாடும் வழக்கம் இருந்தது, புளூஸின் வேர்களில் அதுவும் ஒன்று. வித்தியாசம், கவி நாலு அடியில் தன் வேலையை முடித்துவிட்டுப் போய்விடும், வாத்தியத்துக்குக் காத்திருக்காது. புளூஸ் சொன்னதையே இரண்டாம் தரமும் சொல்லும். மட்டக்களப்புப் பறங்கியர் கலியாண வீட்டு வயலினையும் கஃப்ரிஞ்ஞாவையும் பற்றி ஒருவர் கேட்டிருந்தார், அது முழுக்க ஆட்டத்துக்கான இசை, வேறு குடும்பம்.

கேள்வி: நான் வீணை படிக்கிறேன். அவர் கம்பியைத் தள்ளியதைப் பார்த்ததும் கமகம் என்றுதான் நினைத்தேன், ஆனால் சுரம் பிடிபடவில்லை. அபசுரமா?
– ஒரு மாணவி, காரைதீவு

பதில்: யாழ் நூல் எழுதிய விபுலானந்த அடிகளின் ஊரில் இருந்து இந்தக் கேள்வி வந்தது பொருத்தம்தான். நீங்களும் மெட்டில் கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கிறீர்கள், அவரும் அதைத்தான் செய்தார். உங்களுக்குப் பிடிபடாத இடம் காந்தாரமாக ('க' சுரம்) இருக்கும், சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் அவர்கள் வேண்டுமென்றே நிறுத்துகிற ஒரு இடம் உண்டு, பியானோவில் அதற்குக் கட்டையே கிடையாது. தங்கச்சி, சனம் "ஆ" என்றதெல்லாம் அநேகமாக அந்த இடத்தில்தான். இலக்கணம் தெரியாமலே சரியான இடத்தில் கத்தியிருக்கிறார்கள்.

கேள்வி: வெளிநாட்டில் இப்படி நிகழ்ச்சிகளுக்கு வருகிறவர்கள் விசயம் தெரிந்தவர்கள். எங்கள் சனத்துக்கு இதெல்லாம் எதற்கு? பட்டிக்காட்டில் முத்து விற்ற கதைதான்.
– ஒரு வாசகர், மட்டக்களப்பு நகர்

பதில்: ஐயா, விசயம் தெரிந்த வெள்ளைக்காரச் சபைகள் செய்த கூத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

1958இல் மடி வோட்டர்ஸ் என்ற சிக்காகோ புளூஸ்காரர் முதல் தரம் இங்கிலாந்துக்குப் போனார். அங்கே புளூஸ் என்றால் ஒரு வயதான மனிதர் மரக் கிற்றாரோடு மெதுவாக முனகுவது என்று நினைத்திருந்தவர்கள் பலர். இவர் சிக்காகோவில் வாசிக்கிற மாதிரியே மின்சாரக் கிற்றாரை முழுச் சத்தத்தில் திறந்துவிட, பலர் அதிர்ந்துபோனார்கள், பத்திரிகையில் கிற்றார் அலறியது என்று எழுதினார்கள். அவர் அதை மனதில் வைத்து, சில வருடங்கள் கழித்துத் திரும்பிப் போகும்போது மரக் கிற்றாரைக் கொண்டு போனார். அதற்குள் அங்கே இளசுகள் எல்லாம் மின்சாரத்துக்கு மாறியிருந்தார்கள், "எங்கே உங்கள் பெரிய சத்தம்?" என்று கேட்டார்களாம். மனுசன் என்னதான் செய்வார்?

1982இல் சுவிட்சர்லாந்தில் மொன்ட்ரூ இசைவிழா. மேடையில் டெக்சாஸ் கிற்றார்க்காரப் பொடியன் ஸ்டீவி ரே வோன், அப்போது ஒரு இசைத்தட்டுக் கூட வெளிவரவில்லை. சபையில் ஒரு பகுதி "பூ… பூ…" என்று ஊளையிட்டது, பதிவில் இன்றைக்கும் கேட்கலாம். ஆனால் அதே விழாவில் அவரைக் கவனித்த பாடகர் டேவிட் போவி தன் அடுத்த இசைத்தட்டில் வாசிக்கக் கூப்பிட்டார், இன்னொரு பாடகர் ஜாக்சன் பிரவுன் தன் ஒலிப்பதிவுக் கூடத்தை இலவசமாகக் கொடுத்தார். 1985இல் அதே மேடைக்கு வோன் திரும்பி வந்தபோது சபை கொண்டாடித் தீர்த்தது.

மறுபக்கமும் உண்டு. 1967இல் சான் பிரான்சிஸ்கோவில் ஃபில்மோர் மண்டபத்துக்குப் பி.பி. கிங் போனார். அதுவரை அவருக்கு வந்த சபை பெரும்பாலும் கறுப்பினச் சபை. அன்றைக்கு உள்ளே முழுக்க நீள முடி வைத்த வெள்ளைக்காரப் பிள்ளைகள். இடம் மாறி வந்துவிட்டோமோ என்று யோசித்தாராம். பெயரைச் சொன்னதும், ஒரு சுரம் வாசிக்க முதலே, எல்லோரும் எழும்பி நின்றார்கள். மேடையில் நின்று அழுததாக அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளைகளிலும் எத்தனை பேருக்கு அவரைப் பற்றி முன்னமே தெரிந்திருக்கும்? முத்து விற்ற இடமெல்லாம் முதல் நாள் பட்டிக்காடுதான் ஐயா.

கேள்வி: அவர் வாசித்துக்கொண்டே மேடையை விட்டு இறங்கி, சனத்துக்குள் நடந்து, வாசல் வரை போய் வந்தார். இது படம் காட்டுகிற வேலை இல்லையா?
– ஒரு வாசகி, திருக்கோவில்

பதில்: படம்தான், ஆனால் பழைய படம். 1950களில் கிற்றார் ஸ்லிம் என்பவர் மிக நீளமான வயரை மாட்டிக்கொண்டு சபைக்குள் இறங்கி நடப்பார். அதைப் பொடியனாக இருந்தபோது பார்த்து வாய் பிளந்தவர்தான் புளூஸ் கிற்றார்க்காரர் படி கை (தமிழில் எழுதினால் ஏதோ மாடிப்படியின் கைப்பிடி போல இருக்கிறது, என்ன செய்ய). லூசியானாவில் பிறந்து 1957இல் சிக்காகோவுக்குப் போன அவர், அதை வாழ்நாள் வழக்கமாக்கிக்கொண்டார். கல்லடிக்கு வந்தவர் வயர் இல்லாத கருவி வைத்திருந்தார், அதனால் வாசலில் கச்சான் விற்ற அக்கா வரைக்கும் போக முடிந்தது. அக்கா ஒரு சுருள் நீட்டினார், அவர் இரண்டு கையும் வேலையாக இருக்க வாயால் வாங்கிக்கொண்டார். அந்த இடத்தில் கத்தாமல் யார் இருப்பது?

கேள்வி: நடுவில் ஒரு கம்பி அறுந்தது, அவர் நிறுத்தாமல் பாடினார். தெரிந்தே செய்ததா?
– ஒரு வாசகர், அக்கரைப்பற்று

பதில்: கம்பி தானாக அறுந்ததுதான். ஆனால் நிறுத்தக் கூடாது என்பது தொழில் பழக்கம். 1985இல் அமெரிக்க விவசாயிகளுக்கு நிதி சேர்க்க நடந்த ஃபாம் எய்ட் நிகழ்ச்சியில் பி.பி. கிங், பாடிக்கொண்டே புதுக் கம்பியை மாட்டி, முறுக்கிச் சுருதி சேர்த்து, தன் முறை வந்ததும் வாசிக்கத் தொடங்கினார். பாட்டில் வெற்றிடம் இருக்கிறது என்றேனே, அது இதற்கும் உதவும்.

கேள்வி: போனைத் தூக்கிப் பிடித்து முழுவதையும் படம் எடுத்தவர்களைப் பற்றி?
– பலர்

பதில்: எனக்குப் பின்னால் இருந்தவர்கள் நான் எடுத்ததைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள் போலிருக்கிறது. ஒரு பாட்டுத்தான் எடுத்தேன். மன்னிக்கவும்.

கேள்வி: குரவை போட்ட அந்த அம்மம்மா யார்? புளூஸ் ரசிகையா?
– ஒரு வாசகி, கல்முனை

பதில்: முடிந்து வெளியே வரும்போது தேடிப் பிடித்துக் கதைத்தேன். பேரன் ஸ்பீக்கர் தூக்க வந்தவன், திரும்பிப் போக அவன் சைக்கிள்தான் வழி, அதனால் உள்ளே வந்து இருந்திருக்கிறார். ஏன் குரவை போட்டீர்கள் என்று கேட்டேன். "வைகாசியில அம்மன் கோயில் கதவு திறக்கிற நேரம் மாதிரிக் கிடந்திச்சு மகன், வாய் தன்பாட்டில போட்டுட்டு" என்றார். பிறகு செருப்பைத் தேடிக்கொண்டே, "அது கிடக்கட்டும், அந்தப் புள்ள ஏன் கா இவ்வளவு மெலிவு? சோறு கறி ஒழுங்காக் குடுத்தீங்களா?" என்று கேட்டார். ஒழுங்கமைப்பாளர்கள் பதில் எழுதினால் அடுத்த இதழில் போடுகிறேன்.