அமெரிக்காவின் கறுப்பினப் பல்கலைக்கழகங்களுக்கு ஒன்றிய அரசு சும்மா பணம் கொடுக்கிறதாமே, அங்கே பிஎச்டி சேரலாமா?

கேள்வியில் "சும்மா" என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்கள். அதற்காகத்தான் ராத்திரி பதினொன்றரை மணிக்கு உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான் கல்வியாளன் இல்லை. தென் மாநிலம் ஒன்றில் இப்படிப்பட்ட ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் கிராண்ட் (வெளியிலிருந்து வரும் நிதியுதவி) கணக்குப் பிரிவில் ஒன்பது வருடம் குப்பை கொட்டியவன். பெயர் சொல்ல மாட்டேன், இன்னும் அங்கே எனக்கு நண்பர்கள் இருக்கிறார்கள். "ஒரு கிளார்க்குக்கு என்ன தெரியும்" என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: பணம் எந்தக் கதவு வழியாக வருகிறது என்று கிளார்க்குக்குத்தான் தெரியும்.

1964-க்கு முன் கறுப்பின மக்களின் கல்விக்கென்றே தொடங்கியவற்றைத்தான் 1965-ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டம் கறுப்பினப் பல்கலைக்கழகங்கள் என்ற பட்டியலில் சேர்க்கிறது. சுமார் நூறு இருக்கின்றன, எல்லாம் ஒரே ரகம் இல்லை. வாஷிங்டனில் இருக்கும் ஹோவர்ட் (ஹார்வர்ட் இல்லை, என் சித்தப்பாவுக்கு இதை விளக்கியே எனக்கு வயதாகிவிட்டது) தனியார் பல்கலைக்கழகம். ஆனால் 1867-ல் நாடாளுமன்றச் சட்டம் மூலமே உருவானது. ஒன்றிய பட்ஜெட்டில் இன்றும் அதற்குத் தனியாக ஓர் ஒதுக்கீடு உண்டு. அதுவும் சுலபமாக வரவில்லை. 1879 முதல் பணம் வந்தாலும் அதற்கு நிலையான சட்ட அடிப்படை கிடைத்தது 1928-ல்தான். அதுவரை "இதற்குச் சட்டத்தில் இடமில்லை" என்று சபையில் ஒருவர் எழுந்து ஆட்சேபித்தாலே சிக்கல்.

நான் வேலை பார்த்தது வேறு ரகம். 1862-ல் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் மாநிலங்களுக்கு நிலம் கொடுத்து (பெரும்பாலும் பூர்வகுடிகளிடமிருந்து எடுத்த நிலம், அது தனிக் கதை) விவசாயமும் தொழில்நுட்பமும் சொல்லித்தரும் கல்லூரிகளைத் தொடங்க வைத்தது. தெற்கில் அவற்றின் வாசலில் கறுப்பின மாணவர்கள் கால் வைக்க முடியவில்லை. 1890-ல் இரண்டாவது சட்டம் வந்தது: இனம் பார்க்காமல் சேர்த்துக்கொள், இல்லையென்றால் அவர்களுக்குத் தனியாகக் கல்லூரி வைத்துப் பணத்தை நியாயமாகப் பங்கிடு. தென் மாநிலங்கள் எதைத் தேர்ந்தெடுத்தன என்று சொல்லத் தேவையில்லை. அந்த வழியில் வந்த கல்லூரிகள் இன்று 19. "நிலக்கொடைக் கல்லூரி" என்று பெயர், ஆனால் இந்தச் சட்டம் கொடுத்தது பணம் மட்டும், நிலம் இல்லை.

இப்போது "சும்மா"வுக்கு வருகிறேன். ஒன்றிய வேளாண் துறை ஆராய்ச்சிக்கும் விரிவாக்கப் பணிக்கும் (ஆராய்ச்சியை விவசாயிகளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது) இந்த 19-க்கும் தருகிற தொகைக்கு, டாலருக்கு டாலர் மாநிலமும் போட வேண்டும். மாநிலம் பாதியாவது போட்டிருந்தால், மீதிப் பாதிக்கு விலக்கு கேட்டு வாஷிங்டனுக்கு எழுதலாம். விலக்கும் கிடைக்கவில்லை, மாநிலமும் போடவில்லை என்றால் மாநிலம் ஈடு போடாத அளவுக்கு ஒன்றியப் பணம் கைவிட்டுப் போகும்.

அந்த விலக்குக் கடிதத்தின் முதல் வரைவை எழுதுவது என் வேலை. முதல் வருடம், தாலுகா ஆபீஸ் மனு எழுதிப் பழகிய வீட்டிலிருந்து வந்தவன் இல்லையா, "தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்பதை ஆங்கிலத்தில் அப்படியே போட்டுவிட்டேன். எங்கள் இயக்குநர் அறுபதைத் தாண்டிய அம்மா, அதே கல்லூரியில் படித்தவர். சிவப்புப் பேனாவை எடுத்து அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடித்தார். "தாழ்மை எதற்கு? கொடுக்காதது மாநிலம். நாம் ஏன் குனிய வேண்டும்?" என்றார். அப்புறம் அவரே இரண்டு வரி சேர்த்தார். பணம் வரவில்லை என்றால் எந்த எந்த கவுண்ட்டிகளில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) சிறு விவசாயிகளுக்கு மண் பரிசோதனை நிற்கும் என்று பெயர் பெயராக.

அதே மாநிலத்தில் 1862 வகைப் பல்கலைக்கழகம் ஒன்று இருக்கிறது, காரில் ஒரு மணி நேரம். அங்கே என் வேலையைப் பார்க்கிறவரிடம் ஒருமுறை போனில், "நீங்கள் விலக்குக் கடிதத்தை எந்த மாதம் அனுப்புவீர்கள்?" என்று வெள்ளந்தியாகக் கேட்டேன். "அப்படி ஒன்று இருக்கிறதா?" என்றார். கிண்டல் இல்லை, அவருக்கு நிஜமாகவே தெரியாது. ஒரு தடவைகூட எழுத வேண்டி வந்ததில்லை.

2023 செப்டம்பரில் ஒன்றிய கல்வித் துறைச் செயலரும் வேளாண் துறைச் செயலரும் சேர்ந்து 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் போட்டார்கள். ஒரு மாணவருக்கு மாநிலம் தரும் தொகையை 1862 வகைப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பிட்டால், எங்களைப் போன்ற 1890 வகைக்கு முப்பது வருடத்தில் மொத்தம் 1,200 கோடி டாலருக்கு மேல் பாக்கி. டென்னசி ஒன்றில் மட்டுமே 210 கோடி. எங்கள் மாநிலமும் பட்டியலில் உண்டு. அந்த அம்மா கடிதத்தைப் படித்துவிட்டு, "சரி, கணக்காவது போட்டார்களே" என்றார். அன்றைக்கும் சாயங்காலம் ஆறு மணிவரை ஆராய்ச்சியாளர்களின் நேரக் கணக்குப் படிவங்களைத்தான் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். சம்பளத்தில் எத்தனை சதவீதம் எந்தக் கிராண்டில் போனது என்று ஆளாளுக்குக் கையெழுத்து வேண்டும், அது இல்லாவிட்டால் தணிக்கையில் மாட்டும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் ஒருவர் என்னிடம், "அந்தக் காலேஜிலா வேலை? சலுகையிலேயே ஓடுதே?" என்றார். அவர்தான் சங்கத்தின் பொருளாளர். மூன்று வருடமாக வரவு செலவு காட்டாதவர். போன வருடம் வாழை இலைக்கு மட்டும் நானூறு டாலர் எழுதியிருந்தார், சாப்பிட்டதென்னவோ பேப்பர் தட்டில். பத்து டாலர் டாக்ஸி ரசீதுக்கு நான் மூன்று பேரிடம் கையெழுத்து வாங்குகிறவன். அவர் சலுகையைப் பற்றிப் பேசுகிறார்! சரி, விடுங்கள்.

நீங்கள் இந்தியாவிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் வரப்போகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறேன். பெல் கிராண்ட் போன்ற ஒன்றிய மாணவர் உதவி உங்களுக்குக் கிடையாது. பேராசிரியரின் ஆராய்ச்சிக் கிராண்டிலிருந்து உதவித்தொகை கிடைக்கலாம். அட்மிஷன் கடிதம் வந்ததும் அவருக்கு ஒரு மெயில் போடுங்கள்: பணம் எந்தக் கிராண்டிலிருந்து வருகிறது, அது எந்த வருடம் முடிகிறது, வேலை அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும் என்று நிபந்தனை இருக்கிறதா. அவர் சுற்றி வளைத்தால் கிராண்ட் அலுவலகத்துக்கே எழுதுங்கள். மெயிலில் "தாழ்மையுடன்" வேண்டாம்.