பழைய மொழிகளில் ஸ்ட்ரிங்: கேளுங்கள், சொல்கிறேன்

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். கோபோல், பாஸ்கல், சி என்ற மூன்று கணினி மொழிகளிலும் வேலை பார்த்தவன். ஸ்ட்ரிங் என்றால் கணினியில் எழுத்துகளின் தொடர்; பைட் என்றால் அதைச் சேமிக்கும் இடத்தின் அளவு. கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

தென்காசி: அண்ணாச்சி, கோபோலில் பெயருக்கு 30 இடம் விட்டேன். அச்சடித்தால் பெயருக்கும் ஊருக்கும் நடுவே பெரிய இடைவெளி.

ஒரு தகவலுக்கு இடம் ஒதுக்கும் பிக் எக்ஸ் 30 என்றால் எப்போதும் 30 பைட்தான். ஆங்கிலத்தில் 5 எழுத்துப் பெயர் போட்டால் மீதி 25 இடத்தில் ஸ்பேஸ் நிரம்பிவிடும். தகவல்களை ஒட்டவைக்கும் ஸ்ட்ரிங் கட்டளையில், எங்கே நிறுத்துவது என்று சொல்லும் 'டிலிமிட்டட் பை' போட்டு, இரண்டு ஸ்பேஸை எல்லையாகக் கொடுங்கள். ஒரு ஸ்பேஸ் கொடுத்தால் சங்கர பாண்டியன் வெறும் சங்கர ஆகிவிடுவார்.

அம்பாசமுத்திரம்: அதே 30-இல் திருநெல்வேலி என்று தமிழில் போட்டால் 'திருநெல்வே' என்று நிற்கிறது.

நல்ல கேள்வி தம்பி. நம் கண்ணுக்கு அது 6 எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் த ஒன்று, அதன் கொக்கி ஒன்று என்று தனித்தனியாக எண்ணினால் 12. அந்த எண்ணைப் பைட்டாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் இவை ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 36. உங்கள் இடம் 30. கடைசி 6 பைட், அதாவது 'லி' அப்படியே வெட்டுப்பட்டுவிட்டது. 31 விட்டிருந்தால் ல-வின் முதல் பைட் மட்டும் உள்ளே வந்து குப்பையாகத் தெரிந்திருக்கும். இடம் விடுமுன் பைட்டை எண்ணுங்கள்.

கோவில்பட்டி: டர்போ பாஸ்கலில் ஸ்ட்ரிங்கின் நீளம் 255-க்கு மேல் ஏன் போகவில்லை?

முதல் பைட்டில் நீளம் இருக்கிறது. ஒரு பைட்டில் 255 வரைதான் எழுத முடியும்.

வள்ளியூர்: அப்படியானால் சி மொழிதானே மேல்? எல்லையே இல்லை.

ஒப்புக்கொள்ள மாட்டேன். சி-யில் முடிவைச் சொல்வது ஒரு பூஜ்ய பைட் மட்டும். நீளம் கேட்கும்போதெல்லாம் தலையிலிருந்து அந்தப் பூஜ்யம் வரை நடக்க வேண்டும். இடம் எவ்வளவு என்று பார்க்காமலே உள்ளீட்டை வாங்கிப் போடும் கெட்ஸ் என்ற சி கட்டளை, 1988-இல் இணையத்தில் தானாகப் பரவிய மோரிஸ் புழு என்ற நிரல் கணினிகளுக்குள் நுழைய ஒரு வழியாக இருந்தது. சி மொழியின் 2011 தரநிர்ணயத்தில்தான் அதை நீக்கினார்கள்.

வள்ளியூர்: நீளத்தைத் தனியாக வைப்பது இட விரயம் இல்லையா அண்ணாச்சி?

பாஸ்கலுக்கு நீளம் 1 பைட். சி-க்குப் பூஜ்யம் 1 பைட். விரயம் எங்கே? பிஎல் ஒன் என்ற இன்னொரு பழைய மொழியில், நீளம் மாறும் ஸ்ட்ரிங்குக்கு 'வேரியிங்' போட்டால் நீளத்துக்கு 2 பைட் போகும். பதிலுக்கு நீளம் உடனே கைக்கு வரும்.

சங்கரன்கோவில்: கோபோலில் பெயருக்குப் பின்னால் இடைவெளி...

தென்காசிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நாங்குநேரி: பைத்தானில் எப்படி?

அதில் நான் வேலை பார்த்ததில்லை. தெரிந்தவரைக் கேளுங்கள்.

கடையம்: சி-யில் இத்தனை பைட் வரை என்று சொல்லி நகலெடுக்கும் ஸ்ட்ரென்காப்பி பயன்படுத்துகிறேன். பயமில்லைதானே?

பயம் உண்டு. 10 பைட் இடத்துக்கு 10 என்றே கொடுத்து 10 எழுத்து வந்தால், அது முடிவுப் பூஜ்யம் வைக்காது. 9 மட்டும் நகலெடுத்து, பத்தாவது இடத்தில் நீங்களே பூஜ்யம் வையுங்கள். இங்கேயும் பைட்டை எண்ணுங்கள்.